விரலுக்கு அறை

என் வீட்டுக்காரருடைய கால் விரல்களை நான் முதன்முதலில் எண்ணிப் பார்த்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம், ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அதுவரைக்கும் எண்ண வேண்டிய அவசியம் வரவில்லை. பத்து இருந்தது.

எலியேசர் என்பது அவர் பெயர். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாதென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். நான் ஹெப்சிபா. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம் என்று என் மாமியார் வீட்டில் அபிப்பிராயம்.

பொதிகை மலைக்குச் செடி பறிக்க வரும் ஒரு வெள்ளைக்காரருக்கு இவர் பதினோரு வருஷமாகப் படம் வரைந்து கொடுத்துவந்தார். அந்தத் துரையின் பெயர் எங்கள் ஊர் நாக்குக்கு வளையாது. செடி துரை என்றால் தபால்காரருக்கே தெரியும். அவர் எந்தெந்த மலையிலோ பறித்த பூக்களைக் காகிதத்தில் அமுக்கிக் காயவைத்து அனுப்புவார். எல்லாம் பழுப்பாகத்தான் வந்து சேரும். பக்கத்தில் சின்னச் சீட்டில் மஞ்சள், சிவப்பு என்று எழுதியிருக்கும். இவர் அதைப் பார்த்து வர்ணம் தீட்டவேண்டும்.

ஒரு பூ மட்டும் இவரைத் தூங்கவிடவில்லை. இமயமலையில் பனியோரத்தில் பூப்பதாம். சீட்டில் "நீலம்" என்று ஒரே சொல். எந்த நீலம்? வண்ணான் சால் நீலமா, மீன்கொத்தியின் முதுகு நீலமா? நாலு தடவை தீட்டி அனுப்பினார். நாலு தடவையும் "இது இல்லை" என்று திரும்பி வந்தது. சாப்பிடும்போதுகூட வானத்தைப் பார்ப்பார். ரசத்தை மோரென்று நினைத்து உப்புப் போடுவார்.

ஈஸ்டர் திங்கட்கிழமை வந்த கடிதத்தில் துரை எழுதியிருந்தார்: இந்த வருஷம் சிக்கிம் பக்கம் பனிமலைக்குப் போகிறேன், உடன் வந்து உயிருள்ள பூவை உன் கண்ணாலேயே பார்த்து வரை, ஐந்து மாதம். ஆனால் ஒரு நிபந்தனை. மே கடைசியில் பாபநாசத்துக்கு வருவேன், பனிக்கென்று தைத்த காலணியோடேயே என்னுடன் மூன்று நாள் பொதிகையில் ஏறி இறங்கவேண்டும், இறங்கியதும் காலணியைக் கழற்றிக் காலைக் காட்டவேண்டும். ஒரு கொப்புளம் இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம்.

கடிதத்தின் இரண்டாம் தாளில் முன்னும் பின்னும் கால் விஷயம்தான். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கும் காரணம் எழுதியிருந்தது. போன வருஷம் கூட வந்த படக்காரர் இறுக்கமான பூட்ஸ் போட்டு வந்தாராம். இறுக்கினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத விரலைக் குளிர் பிடித்துக்கொள்ளும். வலிகூடத் தெரியாதாம். அவருக்கு இரண்டு விரல் கறுத்துப்போய் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அதை வாசித்த பிறகுதான் நான் எண்ணினேன். இவர் ஊஞ்சலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், காலை நான் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க போறதுக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றேன். "ஆனா பத்தும் திரும்பி வரணும். ஒம்பதோட வந்தா வாசல் திறக்கமாட்டேன்."

"ஏளா, விரல் எங்கன போயிரும்? எல்லாம் என் கூடத்தான வருது."

இப்படிப் பேசுகிற மனிதரை நம்பி விட முடியுமா? அன்றைக்கே துரையின் தாளை நான் எடுத்து என் பின்னல் கூடையில் வைத்துக்கொண்டேன்.

முதல் வேலை மேஜோடு, அதாவது பூட்ஸுக்குள் போடும் காலுறை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கம்பளி மேஜோடு போடவேண்டும், மாற்றுக்கு இரண்டு ஜோடி, ஆக நாலு என்று துரை எழுதியிருந்தார். சீமையிலிருந்து மிஷனுக்கு வரும் பெட்டிகளில் கம்பளி நூல் மூட்டை மூட்டையாக வந்து பூச்சி அரித்துக் கிடந்தது. பாளையங்கோட்டையில் கம்பளி மேஜோடு யாருக்கு வேண்டும்? பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு பிள்ளையாவது பின்னியதைப் போட்டு நான் பார்த்ததில்லை. முதல்முறையாக என் வித்தைக்கு ஒரு கால் கிடைத்தது. அக்கினி நட்சத்திரத்தில், புழுதி கொதிக்கிற மத்தியானத்தில், மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் பின்னினேன். சாம்பல் நிறத்தில் மூன்று ஜோடி. நூல் தீர்ந்துபோனதால் நாலாவது சிவப்பு. தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, "டீச்சரம்மாவுக்கு என்ன, கோட்டி பிடிச்சிருக்கா?" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது முழங்காலுக்குக் கீழே மறைக்க ஏதாவது வேண்டும். இவருக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் குதிரைமேல் வரும்போது மாட்டியிருக்கும் பளபளப்பான தோல் உறைமேல் ஆசை. துரை அது வேண்டாமென்று எழுதியிருந்தார்: நனைந்த தோல் பனியில் உறைந்து பலகையாகிவிடும், மேல்வாய் வழியாகப் பனி உள்ளே விழும். கம்பளித் துணியை நீளமாகக் கிழித்துக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிக்கொள்வதே நல்லது. வடக்கே அதற்குப் பட்டி என்று பேர். உபதேசியாரின் மனைவி நாகர்கோவிலுக்கு அந்தப்பக்கத்துக்காரி. காலில் பட்டி கட்டப்போகிறார் என்றதும் இரண்டடி பின்னால் போய்விட்டாள். அவள் ஊர்ப்பக்கம் பட்டி என்றால் நாய்.

மேலப்பாளையம் சந்தையில் ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரிடம் கறுப்புக் கம்பளி வாங்கி, நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, முனையோடு முனை சேர்த்துத் தைத்தேன். ஆட்டு வாடை ஒரு வாரம் வீட்டைவிட்டுப் போகவில்லை. இவர் அதைத் தலைப்பாகை கட்டுகிற மாதிரி இழுத்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினார். அன்று சாயங்கால ஜெபத்தில் மண்டியிட்டவர், ஆமென் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துச் சத்தமில்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

"ஹெப்சி" என்று பைய ஒரு குரல். "கால் எங்கன இருக்குன்னு தெரியல. கொஞ்சம் பாரு."

இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே மரத்துக் கட்டையாகிவிட்டன. அவிழ்த்துத் தேய்த்துவிட்டு நன்றாகத் திட்டினேன். இந்த ஊர் வெக்கையிலேயே இப்படியென்றால் பனியில் என்ன ஆகும்? அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். அவர் சுற்றி முடித்ததும் என் சுண்டுவிரல் பட்டிக்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பூட்ஸின் உள்ளே அடியில் உலர்ந்த புல் விரிப்பு ஏதாவது வைக்கவேண்டும், குளிர் அடியிலிருந்துதான் ஏறும் என்று துரை எழுதியிருந்தார். உலர்ந்த புல்லை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நான் எங்கே தேடுவது? எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கித் தந்த பத்தமடைப் பாய் கோரைப்புல்தானே. துணி மாதிரி மடியும். இவர் பாதத்தை அதன்மேல் வைத்துக் கரிக்கோடு போட்டு இரண்டு அடி வெட்டி எடுத்தேன். அவர் படுக்கிற பக்கத்தில்தான் வெட்டினேன். ஐந்து மாதம் அங்கே படுக்க ஆளில்லையே.

"கலியாணப் பாயில்லா" என்றார், முகம் ஒருமாதிரியாகி.

"கால் வந்து சேரட்டும். பாய்க்குப் பிறகு பாப்போம்."

மிச்சம் பூட்ஸ் ஒன்றுதான். இங்கேதான் நான் ஏமாந்தேன்.

பழைய கோட்டைச் சுவர் பக்கம் கொம்பையா என்றொரு தோல் தைக்கிறவர் இருந்தார். தாசில்தார் கச்சேரி குமாஸ்தாக்கள் முதல் இன்ஸ்பெக்டர் வரை அவர் கைதான். அவருக்கு இரண்டு கர்வம். அவர் தைத்த ஜோடு காலைவிட்டு ஒரு நூல்கூட அசையாது என்பது ஒன்று. நடந்தால் கிறீச் கிறீச் என்று நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பது மற்றொன்று. அதற்காகவே இரண்டு அடித்தோலுக்கும் நடுவில் காய்ந்த தோல் துண்டு ஒன்று வைத்துத் தைப்பார். சத்தம் வராத ஜோட்டை எங்கள் ஊரில் எந்தக் குமாஸ்தாவும் புது ஜோடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். கொஞ்சம் தளர்வாகத் தைத்துக் கொடும் என்று யாராவது கேட்டுவிட்டால் கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிடும். "பொதபொதன்னு காலை விட்டுக்கிடணும்னா வீட்டுல வாளி இருக்கும்லா?" என்பார்.

அவருக்கு வாசித்துக் காட்ட இவர் துரையின் ஆங்கிலத்தைத் தமிழாக்கினார். புதிதாக வரும் பாதிரிமாரின் பிரசங்கங்களை ஆறு வருஷம் மொழிபெயர்த்த கை அது. பேனா பிடித்தால் மனிதர் பேசுகிற தமிழ் வராது.

"பாதரட்சையின் அடித்தோல் இரட்டிப்பாயிருக்கக்கடவது. அதின் ஓரங்களில் இரும்பாணிகள் தைக்கப்படக்கடவது. ஆணியின் முனையோ உள்ளே எட்டாதிருப்பதாக. சகல விரல்களுக்கும் தாராளமான அறை உண்டாயிருக்கக்கடவது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நியாயத்தீர்ப்பு வாசிக்கற மாதிரில்லா இருக்கு. பெருசா தையும்னு ஒரே சொல்லாச் சொன்னா ஆகாதா?"

"துரை எழுதினதுல ஒரு எழுத்துக் கூடவோ குறையவோ கூடாது" என்றார் இவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

நானும் கூடப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை.

பூட்ஸ் வந்தது நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், அதுவும் நான் வீட்டில் இல்லாத நேரத்தில். நான் வந்து பார்க்கும்போது இவர் கோவில் வளவில் நடந்துகொண்டிருந்தார். கிறீச் கிறீச் என்று சத்தம் ஜோராகத்தான் இருந்தது. முகம்தான் பல் பிடுங்கப் போனவர் முகம்.

"எப்பிடி இருக்கு?"

"கச்சிதம்."

"மேஜோடு போட்டுருக்கீங்களா?"

"அது குளிருக்குல்லா. இந்த வெயில்ல எதுக்கு?"

கையில் வாங்கிப் பார்க்கலாம் என்றால் விடவில்லை. எண்ணெய் ஊறுகிறது, காற்றுப் படக்கூடாது என்று துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். பூட்ஸுக்குக் காற்றுப் பட்டால் ஜன்னி வருமா? எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது. ஆனாலும் பரீட்சைத் தாள், பயண மூட்டை என்ற அலைச்சலில் அதை விட்டுவிட்டேன்.

பாலம் ஸ்டேஷனில் ரயிலேறி ஆழ்வார்குறிச்சியில் இறங்கினோம். அங்கே என் தங்கை யூனிஸ் பள்ளிக்கூடத்து டீச்சர். பாபநாசம் அங்கிருந்து வண்டிக்குக் கூப்பிடு தூரம் மாதிரி. மறுநாள் அதிகாலையில் இவர் மலையடிவாரத்துக்குப் போகவேண்டும், நான் யூனிஸ் வீட்டில் மூன்று நாள் காத்திருப்பதாக ஏற்பாடு.

போய்ச் சேர்ந்த அன்று காலைக் காப்பி குடித்துவிட்டு இவர் குளிக்க ஆற்றுக்குப் போனார். நான் பாய் அடிகளை வைக்கலாமென்று பூட்ஸை எடுத்தேன். முதலில் அதன் முகத்தைப் பார்த்தே சிரித்துவிட்டேன், முன்பக்கம் வாத்து மூக்கு மாதிரி அகன்று கிடந்தது. இவ்வளவு அகலம் வைத்தும் ஏன் அந்த முகம் அப்படிச் சுளித்தது என்று யோசித்துக்கொண்டே பாயை உள்ளே தள்ளினேன். பாதி தூரம் போய் நின்றுவிட்டது. கையை விட்டேன். விரல் நுனியில் என்னவோ தட்டியது. நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன்.

உள்ளே நாலு தோல் சுவர். கெட்டித் தோலில், அழகாக, வரிசையாக, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குட்டி அறை. கட்டை விரலுக்குப் பெரிய அறை, சுண்டுவிரலுக்குச் சின்ன அறை. இரண்டு பூட்ஸிலுமாகப் பத்து அறை.

யூனிஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது என்னக்கா, போர்டிங் ஸ்கூலா?"

ஈரத் தலையோடு வந்தவரை நான் வாசலிலேயே நிறுத்தினேன். பூட்ஸைக் கையில் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"கொம்பையா முதல்ல பயந்தே போயிட்டாரு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "விரலை எதுக்குய்யா அறையணும், அது என்ன பாவம் பண்ணிச்சுன்னு கேட்டாரு. அடிக்கற அறை இல்லைவே, வீட்டுல இருக்கற அறைன்னு சொன்னேன். ஒவ்வொண்ணுக்குமான்னாரு. சகலத்துக்கும்னேன். நான் என்னத்தக் கண்டேன், இப்பிடித் தைப்பாருன்னு?"

"காலை விட்டதும் தெரிஞ்சிருக்கும்லா? ஏன் சொல்லல?"

"ரெண்டு நாள்தான் இருந்துது. திருப்பிக் குடுத்தா மறுபடி தைக்க முடியுமா? அதுவும் போக, அவரு அந்த ரூமை எல்லாம் எவ்வளவு ஆசையா காட்டினாரு தெரியுமா."

"அதனால இதைப் போட்டுக்கிட்டு மூணு நாள் மலை ஏறப்போறீங்க."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறிருவேன்."

"அப்புறம் பனியில?"

சுவருக்குள் விரல் நுழைந்தால் மேஜோடு நுழையாது. மேஜோடு இல்லாமல், விரல்கள் நெருங்கி இறுகிப் பனியில் நின்றால் என்ன ஆகும் என்று துரை எழுதியிருந்தது எங்கள் இருவருக்குமே மனப்பாடம். எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. "ஒரு பூவுக்காக விரலைக் குடுப்பீங்களோ?" என்றேன்.

இவர் மெதுவாக, "ஒண்ணு ரெண்டுன்னா பரவால்லன்னு நெனச்சேன் ஹெப்சி" என்றார். "வரையறது கையாலதான?"

யூனிஸ் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது, இந்த மனிதருக்கு அந்த நீலம் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று. திட்டிப் பிரயோஜனமில்லை. பென்சில் சீவும் கத்தியை அவர் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தேன்.

கொம்பையாவின் தையலைப் பிரிப்பது லேசில்லை. பத்து மணிக்குத் தொடங்கி, எட்டுச் சுவரையும் அடியோடு அறுத்து வெளியே எடுக்கும்போது மூன்று மணி. கையில் இரண்டு இடத்தில் ரத்தம். தையல் போன ஓட்டை வழியாக ஈரம் இறங்குமே என்று யூனிஸ் வீட்டு மெழுகுவர்த்தியையும் ஆட்டுக் கொழுப்பையும் சேர்த்து உருக்கி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். பிறகு பாயைத் தள்ளினேன். கோடு போட்ட மாதிரி போய் உட்கார்ந்தது.

"இப்ப போடுங்க. மேஜோடு ரெண்டும்."

இந்தத் தடவை காலை விட்டவர் பல்லைக் கடிக்கவில்லை. குதிகால் பிடிப்பாக நின்றது. நான் முன்னால் மண்டியிட்டு, "விரலை அசைங்க" என்றேன். மேல் தோல் மெதுவாக ஏறி இறங்கியது, உள்ளே ஐந்தும் தாராளமாக ஆடிக்கொண்டிருந்தன. ரூம் என்று துரை எழுதியது இந்த இடத்தைத்தான்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெருசா தையும் என்று நான் சொன்னபடி சொல்லியிருந்தால் கொம்பையா தைத்திருப்பாரா? வாளி இருக்கிறதே என்று சொல்லிவிட்டு, பிடித்தாற்போலத் தன் வழக்கப்படிதான் தைத்திருப்பார். பத்து அறை கட்ட இடம் வேண்டுமென்றுதான் மனிதர் தன் கர்வத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இப்படி வாத்து மூக்காக விட்டிருக்கிறார். அந்தக் கோவில் தமிழ் இல்லாவிட்டால் இந்தப் பூட்ஸ் இல்லை. இதை இவரிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"கொம்பையாட்ட சொல்லிராதீங்க" என்றேன். "மனசு விட்டுப்போவாரு."

அந்த மூன்று நாளும் நான் நல்ல மனைவியாக ஜெபம் செய்தேனா என்று கேட்டால், பாதிதான் செய்தேன். ஒரு நேரம் அவர் தேறவேண்டும் என்று இருக்கும். அடுத்த நேரம், கடவுளே, சின்னதாக ஒரே ஒரு கொப்புளம் வந்தால் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடலாமே என்று இருக்கும். இரண்டையும் கேட்டால் ஆண்டவர்தான் என்ன செய்வார்?

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குத் தெருக்கோடியில் கிறீச் கிறீச் என்று சத்தம் கேட்டது. துரை பின்னால் வந்தார், சுமைகாரன் சங்கிலிபூதத்தான் கூடையோடு வந்தான். வந்ததும் துரை எங்கள் முன்னாலேயே தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, இவர் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, பட்டியை அவிழ்த்து, பூட்ஸையும் மேஜோட்டையும் கழற்றினார். வெள்ளைக்காரர் வாத்தியார் காலைப் பிடிக்கிறாரே என்று யூனிஸுக்கு வாய் மூடவில்லை. குதிகால், கட்டை விரல், இடுக்கு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. கோடைமழையில் அட்டை பொலுபொலுவென்று கிடந்த காட்டில் இவருக்குக் கடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் பிடரியில்.

"மேல மஞ்சு இறங்கிட்டும்மா" என்றான் சங்கிலிபூதத்தான். "முன்ன போற ஆள் தெரியல. வாத்தியாரய்யா பூவைப் பாத்துக்கிட்டு வழிமாறிப் போயிட்டாரு. இந்தக் கிறீச் சத்தத்தை வச்சுத்தான் பிடிச்சோம்."

துரை சிரித்துக்கொண்டே பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தத்தை எடுக்க வேண்டாம் என்றார். உள்ளே கையை விட்டு, பாயைத் தொட்டு, இது யாருடைய யோசனை என்று கேட்டார். இவர் என்னைக் காட்டினார். துரை தொப்பியை எடுத்தார். நான் பாதி சந்தோஷத்தோடும் பாதி வயிற்றெரிச்சலோடும் இன்னொரு தடவை காப்பி போட உள்ளே போனேன்.

இவர் கல்கத்தா மெயிலில் ரயிலேறிப் போன பிறகு ஐந்து மாதம் எப்படிப் போயிற்று என்று எழுதினால் அழுதுவிடுவேன். ஆகையால் கொம்பையாவைப் பற்றி எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு தடவை வருவார்.

"டீச்சரம்மா, அய்யா காயிதம் போட்டாகளா? அறை எல்லாம் எப்பிடி இருக்காம்?"

"சௌகரியமா இருக்காம்" என்பேன், பொய் சொன்ன பாவத்தைத் தனியாக ஜெபத்தில் சேர்த்துக்கொண்டு.

விரலுக்கு அறை வைத்த பூட்ஸ் இமயமலைக்குப் போயிருக்கிறது என்று கோட்டைச் சுவர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒரு ஏட்டையா தனக்கும் அப்படியே வேண்டும் என்று சொல்லித் தைத்து வாங்கினார். ஒரு மாதம் அவர் நடந்த நடையைப் பார்த்து ஊரே மூலவியாதி என்று நினைத்தது. கொம்பையா தைத்த அறை குறுகல் என்று வாய்திறந்து சொல்ல அவருக்கும் வீம்பு விடவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகல். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்து ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தேன். தெருவில் கிறீச். நான் அசையவில்லை. இன்ஸ்பெக்டராக இருக்கலாம், குமாஸ்தாவாக இருக்கலாம், பாளையங்கோட்டையில் சத்தமில்லாத கால் எது? ஆனால் இது கிறீச் என்று ஒரு தடவை கேட்டு, நின்று, எதையோ வேடிக்கை பார்த்துவிட்டு, மறுபடி கிறீச் என்றது. அப்படி நடக்கிறவர் ஒருவர்தான்.

முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, வாசலில் நின்று சிரித்தார். "ஏளா, படத்தைப் பாரு" என்று சுருளைப் பிரிக்கப் போனார்.

"படம் கெடக்கட்டும். உக்காருங்க."

ஊஞ்சலில் உட்காரவைத்து நாடாவை அவிழ்த்தேன். சிவப்பு மேஜோடு, ஆறு இடத்தில் ஒட்டுப்போட்டு என் பின்னலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதை உருவிவிட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இடது சுண்டுவிரலில் நகம் இல்லை, விரல் இருந்தது. பத்து. மறுபடி எண்ணினேன். பிறகு அந்தக் காலின்மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், வெட்கமே இல்லாமல்.

அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். கறுத்த பாறையோரத்தில் முள்முள்ளான தண்டில் ஒரு பூ. அந்த நீலத்துக்கு ஒப்பாக ஏதாவது சொல்லலாமென்று மனசுக்குள் தேடினேன், எங்கள் பக்கத்தில் ஒன்றும் அகப்படவில்லை. துரை பார்த்துவிட்டு "இதுதான்" என்றாராம். இவர் அதைச் சொல்லும்போது ஐந்து மாதத்துக் குளிரும் போய் முகம் மலர்ந்துவிட்டது.

இதற்குள் சத்தம் கேட்டு யார் வந்தது? கொம்பையா. நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை. "பத்தும் இருக்கா டீச்சரம்மா?" என்றார் முதலில். இருக்கிறது என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் நான் தடுப்பதற்குள் பூட்ஸை எடுத்து உள்ளே கையை விட்டுவிட்டார்.

இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். கொம்பையாவின் கை உள்ளே அங்குமிங்கும் துழாவியது. வெளியே எடுத்து, மற்ற பூட்ஸுக்குள்ளும் விட்டார். மெழுகு அடைத்த ஓட்டைகளை நகத்தால் தடவினார்.

"அறை எங்க?"

"கொம்பையா, நீரு மனசுல ஒண்ணும் வச்சுக்காதயும்" என்று இவர் தொடங்கினார். "அங்கன குளிருன்னா சாதாரணக் குளிரு இல்ல..."

கொம்பையா கையை உயர்த்தி நிறுத்தினார். கொஞ்ச நேரம் பூட்ஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதமாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர், என்ன செய்வாரோ? திடீரென்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"நாந்தான் மூதி. குளிரு ஊருக்குப் போறதுக்கு எவனாவது தனித்தனி அறை கட்டுவானா? அஞ்சும் ஒண்ணா ஒட்டிக்கிட்டுப் படுத்தாத்தானய்யா சூடு நிக்கும்!"

சொல்லிவிட்டு, எந்தச் சங்கடமும் இல்லாமல், ஏட்டையாவின் ஜோட்டைப் பிரித்துத் தைக்கவேண்டும் என்று குடையோடு கிளம்பிப் போனார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தோம். பிறகு இவர் பூட்ஸிலிருந்து பாய் அடிகளை எடுத்தார். கோரை நைந்து, கறுத்து, பாதம் பதிந்த இடம் பள்ளமாகியிருந்தது. பரணில் கிடந்த கல்யாணப் பாயை இறக்கி விரித்து அந்த இரண்டையும் வெட்டின இடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை, தேய்ந்து சுருங்கிவிட்டன.

"என் பக்கம் படுக்க முடியாது போலுக்கே, ஹெப்சி" என்றார் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

புதுப் பாய் வாங்கித் தருகிறேன் என்று பிற்பாடு என் அப்பாகூடச் சொன்னார். வேண்டாம், இதுவே போதும் என்று சொல்லிவிட்டேன்.